மீட்டரில் 300, கையில் 283: இரட்டை டிரம் ரிவைண்டரில் ரோலின் விட்டத்தைக் கணக்கிட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய காகித ரிவைண்டிங் யூனிட். 1200 மி.மீ. அகல கிராஃப்ட் காகிதத்தை நடுவில் பிளந்து, 600 மி.மீ. அகலத்தில் இரண்டு ரோல்களாகச் சுற்றித் தருகிறது. அட்டைப்பெட்டி செய்கிறவர்களுக்கு 800 மி.மீ. விட்டமுள்ள பெரிய ரோல் போகும். அந்த வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கடைகளில் பொதி கட்டுவதற்கு 300 மி.மீ. ரோல் கேட்டு ஆர்டர் வரத் தொடங்கிய பிறகுதான் புகார் வந்தது. மார்த்தாண்டத்துக் கடைக்காரர் ஒருவர் ரோலைத் தராசில் வைத்துவிட்டு போனில் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, கோர் போக இருபத்தேழு கிலோ நிக்கணும்லா, இருபத்து மூணரைதான் நிக்குது."

மெஷினின் திரையில் ஒவ்வொரு ரோலும் 300 என்று காட்டித்தான் நின்றது. ரோலைச் சுற்றி டேப் பிடித்து, வந்த அளவை 3.1416ஆல் வகுத்தால் 283 வந்தது. 17 மி.மீ. பெரிய வித்தியாசமாகத் தோன்றாது. ஆனால் காகிதம் பரப்பளவில் சேர்கிறது. காகிதம் சுற்றப்படும் அட்டைக் குழலான கோரின் வெளிவிட்டம் 96. 300ஐ வர்க்கமாக்கி 96இன் வர்க்கத்தைக் கழித்தால் 80,784. 283.1க்கு அதே கணக்கு 70,930. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு காகிதம் குறைவு. 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 120 கிராம்), 0.17 மி.மீ. தடிமன் என்று வைத்தால் 373 மீட்டர் இருக்க வேண்டிய ரோலில் 328 மீட்டர்தான் இருந்தது. பெரிய ரோல் எடை போட்டு விற்கப்படுகிறது, அதில் விட்டம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பணத்தில் பிசகு வராது. சிறிய ரோல் எண்ணிக்கைக் கணக்கில் விற்பது. குறைந்த ஒவ்வொரு மீட்டரும் வாங்குகிற கடைக்காரரின் நட்டம்.

முதலில் எல்லோரும் சந்தேகப்பட்டது சென்சாரை. இந்த மெஷினில் ரோல், அருகருகே சுழலும் இரண்டு டிரம்களின் மேல் கிடந்து வளர்கிறது, மேலிருந்து அதை அழுத்துவது ரைடர் ரோல். ரைடர் ரோல் ஏறி இறங்கும் கேரியேஜில் நகர்வைத் துடிப்புகளாக எண்ணும், கம்பி இழுக்கும் வகை என்கோடர் ஒன்று இருக்கிறது. உள்ளே உள்ள கம்பிச் சக்கரத்தின் சுற்றளவு 200 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1024 துடிப்பு, நான்கு மடங்காக எண்ணினால் 4096. அதாவது ஒரு எண்ணுக்கு 0.05 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. கேரியேஜை 100 மி.மீ. ஏற்றினால் 100 காட்டியது, 500 ஏற்றினால் 500. சென்சார் மேல் குற்றமில்லை. மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யில் அளவைத் திருத்திய விதத்தில்தான் கோளாறு. வெறும் கோரை வைத்து ரைடரை இறக்கி "இது 96" என்றும், முழு ரோலை வைத்து "இது 800" என்றும் இரண்டு புள்ளி கொடுத்து, நடுவே நேர்கோடு போட்டிருந்தார்கள். இரண்டு முனையிலும் மீட்டர் சரி. இடையில் எங்குமே சரியில்லை.

நேர்கோடு ஏன் பொருந்தாது? இரண்டு தென்னந்தடியைப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, இடையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வையுங்கள். அது பள்ளத்தில் இறங்கி உட்காரும். அதே இடத்தில் தேங்காயை வைத்தால் மேலேயே நிற்கும். அடிப்பகுதியும் உயர்ந்துதான் இருக்கும். ரோல் வளரும்போது நடப்பது இதுதான். ரைடர் 1 மி.மீ. ஏறினால் ரோல் 1 மி.மீ. பருத்துவிட்டது என்று பொருளில்லை, அதில் ஒரு பங்கு ரோல் முழுவதுமாக மேலே எழும்பியது. ஆரம்பத்தில் எழும்புவது அதிகம், போகப்போகக் குறையும்.

இதை எண்ணில் பிடிக்க வேண்டும். மெஷினின் அளவுகள் இவை: இரண்டு டிரம்மும் 300 மி.மீ. விட்டம், ஆரம் 150. இதை 'ட' என்று வைப்போம். டிரம் மையங்களுக்கு இடையே 320, அதில் பாதி 160, இது 'ப'. டிரம் மையங்களை இணைக்கும் கோட்டிலிருந்து ரோலின் உச்சி, அதாவது ரைடர் தொடும் இடம், எவ்வளவு உயரமோ அது 'உ'. கண்டுபிடிக்க வேண்டியது ரோலின் ஆரம், 'சு'.

ஒரு டிரம்மின் மையத்திலிருந்து ரோலின் மையத்துக்குக் கோடு இழுத்தால் அதன் நீளம் ட + சு. இரண்டும் தொட்டுக்கொண்டுதானே இருக்கின்றன. ரோலின் மையம் இரண்டு டிரம்முக்கும் நடுவில் நிற்பதால் கிடைமட்டத் தூரம் ப. ரோல் மையத்தின் உயரம், உச்சியிலிருந்து ஓர் ஆரம் கீழே, அதாவது உ − சு. செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. பிதாகரஸ் தேற்றப்படி:

(ட + சு)² = ப² + (உ − சு)²

விரித்து எழுதினால் இரண்டு பக்கமும் சு² வந்து அடிபட்டுப் போகிறது. இந்தக் கணக்கின் அழகு இங்கேதான். வர்க்கமூலம் எடுக்க வேண்டியதில்லை. மிஞ்சுவது:

சு = (ப² + உ² − ட²) ÷ (2 × (ட + உ))

விட்டம் வேண்டுமென்றால் கீழே உள்ள 2ஐ எடுத்துவிடலாம். இந்த மெஷினுக்கு ப² − ட² என்பது 25,600 − 22,500 = 3100, மாறாத எண். ஆகவே விட்டம் = (உ² + 3100) ÷ (உ + 150). ஒரு பெருக்கல், இரண்டு கூட்டல், ஒரு வகுத்தல். எவ்வளவு பழைய பி.எல்.சி.யும் இதைச் செய்யும்.

சரிபார்க்க: 96 மி.மீ. கோர் வைத்தால் உ = 164.64. வர்க்கம் 27,106, கூட்டினால் 30,206. அதை 314.64ஆல் வகுத்தால் 96.0. முழு ரோலுக்கு உ = 926.21, விடை 800.0.

இப்போது பழைய நேர்கோடு என்ன காட்டியிருக்கும் என்று ஒப்பிட்டால் புகாரின் முழு உருவமும் தெரியும்.

உண்மை 96 — மீட்டர் 96
உண்மை 200 — மீட்டர் 213.8
உண்மை 300 — மீட்டர் 317.1
உண்மை 400 — மீட்டர் 416.4
உண்மை 500 — மீட்டர் 513.8
உண்மை 600 — மீட்டர் 609.9
உண்மை 700 — மீட்டர் 705.2
உண்மை 800 — மீட்டர் 800

பிழை மிக அதிகமாக இருக்கும் இடம் 300ஐ ஒட்டித்தான். கடைக்காரர்கள் கேட்ட அளவும் அதுவே. 600, 700 மட்டும் கேட்டிருந்தால் இது வெளியே தெரிந்திருக்காது.

இன்னொரு தவறும் நடப்பதுண்டு. சிலர் கோர் ஒன்றை மட்டும் வைத்துத் திருத்திவிட்டு, "ரைடர் ஏறியதுதான் விட்டம் கூடியது" என்று விட்டுவிடுவார்கள். அப்படி விட்டிருந்தால் உண்மையான 800 ரோலுக்கு மீட்டர் 857.6 காட்டியிருக்கும். 800 என்று காட்டி நிற்கும்போது ரோல் 744தான் இருக்கும், காகிதம் நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறையும். ரைடர் 1 மி.மீ. ஏறும்போது விட்டம் கூடுவது கோர் அளவில் 0.74, 300இல் 0.92, 800இல் 0.98. ஒரு போதும் 1 ஆகாது, மிகப் பெரிய ரோலில் 1ஐ நெருங்கும்.

அளவு எடுத்த விதம்

சூத்திரம் சரி, அதில் போடும் எண்கள் தவறு என்றால் பயனில்லை. இங்கே அதுதான் முதலில் நடந்தது. மெஷினோடு வந்த வரைபடத்தில் மைய இடைவெளி 325 என்று இருந்தது. அதை அப்படியே போட்டார்கள். பிறகு ஸ்டீல் பைப் வைத்துச் சோதித்தபோது 114.3 மி.மீ. பைப்புக்கு 116.7 வந்தது. 323.9 மி.மீ. பைப்புக்கு 325.3. சிறியதில் 2.4 கூடுதல், பெரியதில் 1.4 கூடுதல். பைப்பின் விட்டம் கூடக்கூடப் பிழை குறைகிறது என்றால் சந்தேகிக்க வேண்டியது மைய இடைவெளியை. 'ப'வில் 1 மி.மீ. பிசகினால் கோர் அளவில் விட்டம் 1 மி.மீ. பிசகும், 800இல் 0.3தான். மாறாக 'உ'வின் தொடக்கப் புள்ளியில் 1 மி.மீ. பிசகினால் கோரில் 0.74, 800இல் 0.98, அதாவது பெரிதாகப் பெரிதாகப் பிழையும் கூடும். 'ட'வில் பிசகினால் எல்லா அளவிலும் 1 முதல் 1.3 மி.மீ. வரை எதிர்த் திசையில் வரும். இந்த மூன்று குணத்தையும் தெரிந்து வைத்திருந்தால் எந்த எண் தவறு என்று பைப்பே சொல்லிவிடும்.

மைய இடைவெளியை மையத்தில் அளக்க முயலக்கூடாது. பேரிங் ஹவுசிங்கின் மூடி மேல் டேப் வைத்தால் 3, 4 மி.மீ. எளிதாகத் தப்பும். இரண்டு டிரம்மின் வெளிப்பக்கத்திலும் மூலைமட்டத்தை நிறுத்தி, ஒன்றிலிருந்து மற்றதுக்கு அளந்தால் 620. அதில் ஒரு டிரம் விட்டம் 300ஐக் கழித்தால் 320. டிரம்களுக்கு நடுவே உள்ள இடுக்கை உள்-காலிப்பரால் அளந்தால் 20, அதோடு 300ஐக் கூட்டினாலும் 320. இரண்டு வழியும் ஒத்துப் போகிறவரை விடக்கூடாது. இடது முனை, வலது முனை இரண்டிலும் எடுக்க வேண்டும். இந்த மெஷினில் முன் டிரம்மின் பேரிங் மாற்றும்போது ஹவுசிங்கை உள்ளே தள்ளிப் போல்ட் போட்டிருந்தார்கள். வரைபடத்தில் அது எப்படி இருக்கும்?

டிரம் விட்டத்துக்கு டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் போதும், 942.5 வந்தால் 300. முன் டிரம்முக்கு ரப்பர் உறை இருந்தால் நடுவில் ஓரிடம், இரு ஓரங்களில் இரண்டு இடம் என்று மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். நடுப்பகுதி முதலில் தேயும்.

'உ'வின் தொடக்கப் புள்ளியைப் பிடிப்பதற்கு நேர்த்தியான வழி ஒன்று உண்டு. பல இடங்களில் கோரை வைத்துத் தொடக்கம் எடுக்கிறார்கள். அட்டைக் கோர் ரைடரின் அழுத்தத்தில் நசுங்கும், அதோடு 'ப'விலுள்ள பிழையும் தொடக்கப் புள்ளிக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். அதற்குப் பதில், 20 மி.மீ. தடிமனில் மெஷினிங் செய்த நேரான இரண்டு தட்டைப் பட்டை (ஃபிளாட்) எடுத்து, ஆளுக்கொரு முனையில், இரண்டு டிரம்மின் தலை மேலும் பாலம்போல் வையுங்கள். ஃபிளாட்டின் அடி டிரம்மின் உச்சியில் இருக்கிறது, அதாவது மையக் கோட்டிலிருந்து 150. மேல்முகம் 170. அதன்மேல் ரைடரை மெதுவாக இறக்கி, அந்த இடத்தில் என்கோடருக்கு 170.00 என்று கொடுத்தால் முடிந்தது. மைய இடைவெளி எவ்வளவு என்று தெரியாமலே 'உ' சரியாகிவிடுகிறது. ரைடரின் ஆரத்தைக் கணக்கில் சேர்க்கவும் வேண்டியதில்லை, அடிமுகத்தையே அளக்கிறோம்.

இந்த வேலைகளில் கை டிரம்களுக்கு நடுவே போகும். மெயின் ஸ்விட்சை இறக்கிப் பூட்டுப் போட வேண்டும், ஏர் லைனை மூடிச் சிலிண்டரில் உள்ள காற்றையும் வெளியேற்ற வேண்டும், கேரியேஜுக்குக் கீழே கட்டை கொடுக்க வேண்டும். காற்றில்லாத சிலிண்டர் ரைடரைத் தாங்காது. ஃபிளாட் மேல் இறக்கும்போது மட்டும் காற்றைத் திறந்து, ஆள் தள்ளி நின்று இறக்கலாம்.

சோதனைப் பைப்புகள் நாகர்கோவில் பழைய இரும்புக் கடைகளிலேயே கிடைக்கும். நாலு அங்குல, எட்டு அங்குல, பன்னிரண்டு அங்குலத் தண்ணீர்ப் பைப்பின் வெளிவிட்டம் முறையே 114.3, 219.1, 323.9. ஆனால் பெயரளவை நம்பக்கூடாது. பைப்பில் நூற்றுக்கு ஒன்று கூடக்குறைய இருக்கலாம், துரு வேறு. கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, டேப்பால் சுற்றளவு எடுத்து, அந்த எண்ணைப் பைப்பின் மேலேயே பெயிண்டில் எழுதி வைப்பது நல்லது. அளவு பெயரளவோடு ஒத்துவந்தால் இந்த மெஷினில் 'உ' முறையே 188.72, 313.92, 429.74 வர வேண்டும். 320ஐப் போட்ட பிறகு மூன்று பைப்பும் அரை மி.மீ.க்குள் ஒத்துவந்தன.

ரப்பர் உறை தேயும்போது

ரப்பருக்குப் பேர்போன மாவட்டத்தில் டிரம்மின் ரப்பரைக் கவனிக்காமல் விடுவது நியாயமில்லை. உறை தேய்ந்து இரண்டு டிரம்மின் ஆரமும் 149 ஆகிவிட்டது, பி.எல்.சி.யில் 150 என்றே இருக்கிறது என்று வையுங்கள். உண்மையான 300 ரோலுக்கு 298.9 காட்டும். அதாவது மீட்டர் 300 காட்டும்போது ரோல் 301 இருக்கும், காகிதம் கூடுதலாகப் போகும். ஒரு டிரம் மட்டும் ரப்பர், மற்றது இரும்பு என்றால் ஒன்று 150, மற்றது 148 ஆகலாம். வெவ்வேறு ஆரத்துக்குச் சூத்திரம் நீளும். நடைமுறையில் தேவையில்லை. சராசரி 149ஐப் போட்டால் உயரத்தில் வரும் பிழை 0.01 மி.மீ.தான். முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறோம்.

அதேபோல ஒரு டிரம் மற்றதைவிட 3 மி.மீ. தாழ்ந்திருந்தாலும் விட்ட அளவுக்குக் கேடில்லை. ரோல் பக்கவாட்டில் சில மி.மீ. நகரும், உச்சி உயரம் முடியளவுகூட மாறாது. இதற்காக டிரம்மைத் தூக்கிச் சமப்படுத்தி ஒரு நாள் வேலையைக் கெடுக்க வேண்டாம். காகிதம் சுருக்கம் விழுந்தாலோ, ஓரம் ஏறினாலோ அது தனிப் பிரச்சினை.

ரைடர் நேராக ஏறாமல், கை ஒன்றில் தொங்கி வில்லாக ஏறும் மெஷின்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே உள்ள சூத்திரம் பொருந்தாது. ரைடர் ரோலின் உச்சியில் இல்லாமல் பக்கத்தில் தொடும், அந்தத் தொடும் புள்ளியும் ஏற ஏற நகரும். சூத்திரம் தேடி மண்டையை உடைப்பதைவிட, கையின் சுழற்சி மையத்தை அளந்து, தாளில் முழு அளவில் வரைந்து, எட்டு விட்டங்களுக்கு என்கோடர் கோணத்தை எடுத்துப் பட்டியலாகப் பி.எல்.சி.யில் போடுங்கள். சிறிய விட்டங்களில் புள்ளிகளை நெருக்கமாக வையுங்கள், வளைவு அங்கேதான் அதிகம்.

பி.எல்.சி.யில் கவனிக்க வேண்டியது

இந்த யூனிட்டில் சூத்திரத்தை முதலில் எழுதியபோது 200 மி.மீ. வரும் முன்பே திரையில் விட்டம் மைனஸில் போனது. காரணம் 16 பிட் முழு எண். அதில் பிடிக்கும் பெரிய எண் 32,767. 181இன் வர்க்கம் 32,761. 182 ஆனதும் நிரம்பி வழிந்து மைனஸாகிவிடும். 32 பிட்டுக்கு மாற்றினால் போதும், ஆனால் அங்கும் ஒரு எல்லை உண்டு. பத்தில் ஒரு மி.மீ. அலகில் 926.2 என்பது 9262, வர்க்கம் எட்டரைக் கோடி, பிரச்சினையில்லை. நூறில் ஒரு மி.மீ. என்று ஆசைப்பட்டால் 92,621இன் வர்க்கம் எண்ணூற்று ஐம்பது கோடியைத் தாண்டும், 32 பிட் சுமார் 214 கோடியோடு நின்றுவிடும். தசம எண் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பத்தில் ஒரு மி.மீ. தாராளம்.

ஓடும்போது ரைடர் துள்ளும். நிமிடத்துக்கு 200 மீட்டர் வேகத்தில் 300 மி.மீ. ரோல் ஒரு விநாடிக்கு மூன்றரைச் சுற்றுச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்குள் எடுத்த ஒற்றை அளவு ரோலின் மேட்டைக் காட்டலாம், பள்ளத்தையும் காட்டலாம். அரை விநாடிச் சராசரி எடுத்தால் இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வரும், திரை நிலைத்து நிற்கும். பெரிய விட்டத்தில் சுற்று மெதுவாகும், சராசரி நேரத்தையும் கூட்ட வேண்டும்.

விட்டம் சரியானதும் வெளிச்சத்துக்கு வந்த இன்னொரு வீண்செலவு, வேகம் குறைக்கும் இடம். பழைய அமைப்பில் கேட்ட விட்டத்துக்கு 15 மி.மீ. முன்பே மெஷின் 200 மீட்டரிலிருந்து 20 மீட்டர் வேகத்துக்கு இறங்கும், பிறகு ஊர்ந்து போய் நிற்கும். வேகம் இறங்க 18 விநாடி, அதற்குள் 33 மீட்டர் காகிதம் ஓடுகிறது. 300 ரோலில் 15 மி.மீ. என்பது சுமார் 40 மீட்டர், பொருத்தமான இடைவெளி. 800 ரோலில் அதே 15 மி.மீ. 110 மீட்டர். மிஞ்சிய 77 மீட்டரை 20 மீட்டர் வேகத்தில் ஊர்ந்து முடிக்க நாலு நிமிடத்துக்குப் பக்கம். ஒவ்வொரு செட்டுக்கும் அந்த நாலு நிமிடம் போய்க்கொண்டிருந்தது.

இடைவெளியை விட்டத்தில் கொடுக்காமல் மீட்டரில் கொடுக்க வேண்டும். 33 மீட்டரோடு 2 மீட்டர் கூட்டி 35. தடிமன் 0.17ஆல் பெருக்கினால் 5950 சதுர மி.மீ. பக்கவாட்டுப் பரப்பு. கேட்ட விட்டத்தின் வர்க்கத்திலிருந்து இதன் 1.273 மடங்கைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால், வேகம் குறைக்கத் தொடங்க வேண்டிய விட்டம். 300க்கு 287.1. 800க்கு 795.3. ஆர்டர் கொடுக்கும்போது ஒரு முறை கணக்கிட்டால் போதும், ஓடும்போது தேவையில்லை.

விட்டம் தவறியதால் ரோலின் இறுக்கமும் கெட்டது

பெரிய ரோலில் குறையில்லை என்று முதலில் சொன்னது முழு உண்மையல்ல. சில 800 ரோல்கள் வண்டியில் ஏற்றும்போது உட்சுற்றுகள் பக்கவாட்டில் நழுவி நீட்டிக்கொண்டு வந்தன. அதைக் காகிதத்தின் குற்றமாக எழுதிவைத்திருந்தார்கள்.

இரட்டை டிரம் மெஷினில் ரோலை இறுக்குவது டிரம்மும் ரோலும் அழுந்தும் இடம். ஆரம்பத்தில் ரோலுக்கு எடையில்லை, ஆகவே ரைடர் நன்றாக அழுத்த வேண்டும். வளர வளர ரோல் தன் எடையாலேயே அழுந்தும், ரைடரின் காற்றழுத்தத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதை விட்டம்தான் தீர்மானிக்கிறது. மீட்டர் 300இல் 17 மி.மீ. முந்திக் காட்டியதால் ரைடர் சீக்கிரமே கையை எடுத்துக்கொண்டது. அங்கே சுற்றுகள் தளர்ந்தன. பாதியில் நிறுத்தி ரோலை மரத்தடியால் தட்டினால் கணீரென்று வர வேண்டிய ஒலி அந்த இடத்தில் மந்தமாக வரும்.

இங்கும் அதே முக்கோணம்தான். மேலிருந்து வரும் மொத்த அழுத்தம் இரண்டு டிரம்முக்கும் சரிபாதியாகப் பிரிந்தாலும், ஆளுக்குப் பாதியாக மட்டும் விழாது. சாய்வாகத் தாங்குவதால் கூடும். கோர் மட்டும் இருக்கும்போது தொடும் கோடு செங்குத்திலிருந்து 54 பாகை சாய்ந்திருக்கிறது, ஒவ்வொரு டிரம்மும் மொத்த அழுத்தத்தில் 0.85 பங்கை ஏற்கிறது. 800 ரோலில் சாய்வு 17 பாகை, பங்கு 0.52. ரைடர் அழுத்தப் பட்டியலைத் தயாரிக்கும்போது இந்தப் பங்கையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் கோருக்கு அருகே காகிதம் தேவைக்கு மேல் இறுகும், சில சமயம் கோரே நசுங்கும்.

விட்டமும் நீளமும்

விட்டத்தை மட்டும் வைத்து ரோலை விற்பது சரியா என்றால், இந்த மாவட்டத்தில் சரியல்ல என்பதே பதில். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்கின்றன. ஆடிச் சாரலிலும் கார்த்திகை மழையிலும் காகிதம் ஈரம் குடித்துத் தடிக்கும். அதே 300 விட்டத்தில் மாசி மாதம் அடங்கும் மீட்டர் அப்போது அடங்காது. ஆகவே நீளம் எண்ணும் மீட்டரும் வேலை செய்ய வேண்டும். இங்கே அது அவிழ்க்கும் பக்கத்தில் ஒரு சின்ன உருளையில் இருந்தது. வேகம் கூடும்போது காகிதம் அதன்மேல் வழுக்கிப் போகும், எண்ணிக்கை குறையும். யாரும் அதை நம்பாமல் விட்டதில் வியப்பில்லை. அதைக் கழற்றிவிட்டு, பின் டிரம்மின் ஷாஃப்டில் எண்ணும் என்கோடர் பொருத்தப்பட்டது. டிரம்மில் காகிதம் தழுவிச் செல்வதால் வழுக்கல் மிகக் குறைவு.

இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று காவல் காக்கும். விட்டத்தின் வர்க்கத்திலிருந்து கோரின் வர்க்கத்தைக் கழித்து, 0.7854ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் காகிதத்தின் தடிமன் வரும். ஓடும்போதே திரையில் இது தெரிகிறது. 0.17இலிருந்து மெல்ல 0.175க்குப் போனால் ஈரம் அல்லது தளர்ச்சி. திடீரென்று தாண்டினால் என்கோடர் கம்பி சிக்கியிருக்கிறது அல்லது நீள மீட்டர் தப்பிவிட்டது. கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் மணல்தூசு கம்பியில் ஒட்டிப் பெட்டிக்குள் போகிறது. கம்பி நுழையும் துளையில் ஒரு தூரிகையும், வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைப்பதும் போதும். எண்ணெய் போட்டால் தூசு இன்னும் அதிகம் பிடிக்கும்.

ஒரே ரைடர் இரண்டு ரோல்களின் மேலும் கிடக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. தாய்ரோலின் ஒரு ஓரம் தடித்திருந்தால் அந்தப் பக்கத்து ரோல் பெரிதாகும், ரைடர் அதன்மேல்தான் நிற்கும், மீட்டர் பெரியதையே காட்டும். சிறியதை வாங்குகிறவருக்குக் குறையும். செட்டில் இரண்டு ரோலையும் டேப் பிடித்து, வித்தியாசம் 2 மி.மீ.க்கு மேல் போனால் குறித்துவைக்கும் பழக்கம் இப்போது இருக்கிறது. பெரியதை எடை போட்டு விற்கும் வேலைக்கும், இணையானவற்றைக் கடைகளுக்கும் பிரித்து அனுப்புகிறார்கள்.

மாற்றத்துக்குப் பிறகு 300 ஆர்டரில் டேப் அளவு 299க்கும் 301க்கும் இடையில் நிற்கிறது. 800இல் மீட்டர் சுமார் 1 மி.மீ. குறைத்துக் காட்டுகிறது. இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கும் ரோல் டிரம்மின் ரப்பரில் சற்றே புதைகிறது, ரைடர் தொடும் இடமும் அமுங்குகிறது. கிராஃப்ட் காகிதத்துக்கு இதைத் திருத்த வேண்டியதில்லை. டிஷ்யூ போன்ற மெத்தென்ற காகிதம் ஓட்டினால் இந்த அமுக்கம் பல மி.மீ. போகும், அதற்குத் தனியாக ஒரு கழிவு எண் தேவை. பேனலின் உட்கதவில் 150, 160, 170 என்ற மூன்று எண்ணும், எடுத்த தேதியும் எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றன. முன் டிரம் அடுத்த முறை கடைசலுக்குப் போய் வந்ததும் மாற்ற வேண்டியது முதல் எண்ணை. அதோடு மூன்றாவதையும்: ஃபிளாட்டின் மேல்முகம் புதிய ஆரத்தோடு 20.